உறுதியில் ஏறாத குழி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றைக் கையில் எடுத்து ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் சொல்லி, அவ்வெல்லைகளுக்குள் அடங்கிய வீடு, வான்பயிர், செய்பயிர் யாவற்றையும் எண்ணி, கிணற்றிற் பங்கும், தண்ணீர் அள்ளும் உரித்தும், வழி வாய்க்காலும் என்று நொத்தாரிசு எத்துணைக் கவனமாக எழுதியிருக்கின்றார்! எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று ஒரே கிணற்றைக் கூறுபோட்டு எழுதிய உறுதிகளை நாம் கண்டிருக்கின்றோம். இன்ன நாள் இன்னார் இறைப்பு முறை என்ற ஒழுங்கை, எழுத்தில்லாமலே மூன்று தலைமுறை காத்து வந்த பங்காளிகளையும் அறிவோம். நீரைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதவும் நடக்கவும் தெரிந்த நம்மவருக்கு, அந்த நீரைக் கெடுக்கும் பொருளைப் பற்றி ஓர் எழுத்தேனும் எழுதத் தோன்றாமற் போனது எங்ஙனம்? மலசலகூடக் குழி எங்கே இருக்கின்றது, யாருடைய நிலத்தில் இருக்கின்றது, யாருடைய கிணற்றிலிருந்து எத்தனை அடியில் இருக்கின்றது என்பவற்றைப் பற்றி நமது உறுதிகள் வாய் திறப்பதேயில்லை.

இஃது ஓர் அரசியல் வார ஏட்டில் எழுதத்தக்க பொருளா என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் இருப்பர். மொழியுரிமையும் நிலவுரிமையும் பேசும் பக்கத்திலே மலக்குழிக்கு என்ன வேலை என்று கேட்பர். நிலம் நமது என்று சொல்லுகின்ற நாம், அந்த நிலத்தின் கீழே கிடக்கின்ற நீரை என்ன செய்து வைத்திருக்கின்றோம் என்பதையும் கேட்கத்தானே வேண்டும்? அடுத்த வீட்டாரோடு நடக்கும் இந்த வழக்கில் கொழும்பைக் குற்றஞ் சாட்டித் தப்ப வழியில்லை. வாதியும் நாமே, எதிரியும் நாமே. ஒருவேளை அதனாலேதான் எவரும் இதைப் பேச விரும்புவதில்லை போலும்.

வலிகாமத்திலே நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் கதையை, ஊரும் பேரும் ஒழித்து இங்கே சொல்லுகின்றோம். தந்தையாருக்கு 4 பரப்புக் காணி. அதில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலசலகூடம். பெண்மக்கள் இருவர். மூத்தவளுக்குச் சீதனமாக வீடும் கிணறும் அமைந்த 2 பரப்பு. இளையவளுக்கு வெறுங்காணியாக மற்ற 2 பரப்பும், கிணற்றில் அரைப் பங்கும், அதற்குச் செல்லும் வழியும். நீதியான பங்கீடு, ஊரில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டின் மலசலகூடக் குழி முன்னாளிலே கோடிப்புறத்தில் வெட்டப்பட்டிருந்தது. பங்கு பிரித்தபோது அக்கோடிப்புறம் இளையவளின் பக்கம் போய்விட்டது. குழாய் அக்காவின் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தங்கையின் நிலத்தில் முடிந்தது. சகோதரிகள் இருவரும் ஊரிலிருந்த காலத்தில் அதை யார் கேட்டார்?

தங்கையின் குடும்பம் போர்க்காலத்திலே கடல் கடந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அந்த 2 பரப்பும் அயலூரார் ஒருவருக்கு விலைப்பட்டது. வாங்கியவர் அத்திவாரம் வெட்டத் தொடங்கியபோது மண்வெட்டி குழியின் மூடியில் முட்டியது. உறுதியைப் பார்த்தார்; குழி இல்லை. நில அளவைப் படத்தைப் பார்த்தார், அதிலும் இல்லை. இரண்டிலும் இல்லாத ஒன்றை, தாம் பணம் கொடுத்து வாங்கிய நிலத்தில் எதற்காகச் சுமக்க வேண்டும் என்று அவர் கேட்டதில் தவறு காண முடியுமா? குழாயை அடைத்தார். மறுநாட் காலை மூத்தவள் வீட்டார் கிணற்றடிக்குச் செல்லும் படலையைப் பூட்டினர். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. மறு வீட்டுக்கு மலசலகூடம் இல்லை.

கதை அதனோடு நிற்கவில்லை. மூத்தவள் வீட்டார் அவசர அவசரமாகத் தமது காணியின் மறு எல்லையோரம் புதுக்குழி ஒன்று வெட்டினர். அவ்வெல்லைக்கு அப்பால் இருந்தவர் ஒரு தோட்டக்காரர். அவருடைய கிணற்றுக்கும் புதுக்குழிக்கும் இடைத்தூரம் 22 அடி. அவர் முறையிட்டார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நாடா பிடித்து அளந்து, 50 அடி விடவேண்டும் என்றார். அப்படியானால் எங்கே வெட்டுவது, நீங்களே காட்டுங்கள் என்று கேட்டபோது அவரிடம் மறுமொழி இருக்கவில்லை. அவரைக் குறைசொல்லவும் இயலாது. காணியில் இல்லாத இடத்தை எந்த உத்தியோகத்தர்தாம் காட்ட முடியும்? இரண்டு வீட்டு வழக்கு மூன்று வீட்டு வழக்காயிற்று. அத் தோட்டக்காரர் வீட்டில் நான்கு மாதக் குழந்தை ஒன்று இருந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

நிரம்பாத குழியின் பெருமை

நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெய்யும் மாரி மழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குகின்றது. அதன் கீழே கடலோடு தொடர்புடைய உவர்நீர். அவ்வுவர்நீரின் மேலே ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கும் நன்னீரே நம்முடைய சொத்து முழுவதும். இது மணலிலே மெல்ல மெல்ல வடிந்து சுத்தமாகும் நீரன்று. கல்லிலே வெடிப்பு இருக்குமிடத்தில் ஓடையைப் போல ஓடும். நிலாவரையின் ஆழத்தைப் பார்த்து வியந்தவர்களுக்கும், கீரிமலைக் கேணியிலே கடலோரத்தில் நன்னீர் பொங்கி வருவதில் நீராடியவர்களுக்கும் இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய நிலத்திலே நாம் குழி வெட்டுகின்றோம். எப்படி வெட்டுகின்றோம்? மேசனாரிடம், ஆழமாக வெட்டுங்கள், அடிக்கடி நிரம்பக்கூடாது என்கின்றோம். அவரும் கல்லுடைத்து, வெடிப்புக் கண்ட இடத்தில் நிறுத்துகின்றார். அடியில் சீமெந்து போடுவதில்லை. போட்டால் நிரம்பிவிடும் அல்லவா? எங்கள் குழி வெட்டி 20 வருடமாயிற்று, ஒருநாளும் நிரம்பவில்லை, அந்த மேசன் கைராசிக்காரர் என்று விருந்தினரிடம் பெருமை பேசுவோரை நாமே கேட்டிருக்கின்றோம். ஒரு குடும்பத்தின் 20 வருடக் கழிவு எங்கே போயிற்று என்று அவர்களும் கேட்டதில்லை, விருந்தினரும் கேட்டதில்லை. விருந்தினர் கையிலே அவ்வீட்டுக் கிணற்றுநீரிற் போட்ட தேநீர் இருந்தது.

மாரியிலே நிலைமை இன்னும் மோசம். கிணறு முட்ட நிறைகின்றது என்று நாம் மகிழும் அதே நாட்களில் நிலத்தடி நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியையும் மூழ்கடிக்கின்றது. அப்பொழுது குழியென்றும் கிணறென்றும் இரண்டில்லை. ஒரே நீரின் இரண்டு வாய்கள் அவை.

பழங்காலமே மேல் என்று சொல்லவும் நாம் ஆயத்தமில்லை. பனங்கூடல்களுக்குச் சென்ற காலத்திலே கொழுக்கிப்புழு நம் மக்களின் இரத்தத்தைக் குடித்தது. பட்டினத்திலே வாளிகளைச் சுமப்பதற்கென்று ஒரு பகுதி மக்களைப் பிறப்பாலேயே ஒதுக்கிவைத்து, அவர்களைத் தம் கிணற்றிலே அள்ளவிடாமல் தடுத்த கொடுமையும் இந்த மண்ணிலேதான் நடந்தது. வீட்டுக்கு வீடு மலசலகூடம் வந்தது நன்மையே. 2009ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த வீட்டுத்திட்டங்கள் மலசலகூடம் இல்லாதிருந்த ஏழைகள் பலருக்கு அதைத் தந்தன. ஆனால் கூடத்தின் சுவருக்கும் கதவுக்கும் இருந்த கணக்கு, அதன் கீழே செல்வதற்கு இருந்ததா?

ஒரு பரப்பின் கணக்கு

50 அடி விதியை எல்லோரும் அறிவர். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே அவ்வளவு தூரம் வேண்டும் என்று பரிசோதகர் சொல்லுவார், மேசன் சொல்லுவார், வழக்கறிஞரும் சொல்லுவார். நல்லது. நாமும் ஒரு கணக்குப் பார்ப்போம். தோட்டக்காணி அளவிலே ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். சதுர அடியில் 2,722. அதை ஒழுங்கான சதுரமாக எண்ணினால் ஒரு பக்கம் 52 அடி. ஆகவே ஒரு பரப்புக் காணியில் கிணற்றை ஒரு வேலியோடு ஒட்டியும் குழியை எதிர் வேலியோடு ஒட்டியும் வைத்தால்தான் விதி நிறைவேறும். அங்ஙனம் எதிர் வேலியோடு ஒட்டிய குழி, அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு எத்தனை அடி? நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளோ 150 சதுர மீற்றர், அதாவது 6 பேர்ச் நிலத்தையும் ஒரு வீட்டுக்குப் போதுமென்று கொண்டிருந்தன. 6 பேர்ச் சதுரத்தின் பக்கம் 40 அடி! ஒரு கையால் 40 அடிக்கு அனுமதி. மறு கையால் 50 அடிக்குக் கட்டளை.

இந்த நிலையை உண்டாக்கியது அதிகாரசபை மாத்திரமன்று. நான்கு பரப்பை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு என்று கொடுத்துவந்த நமது சீதன வழக்கமும் அதிலே பெரும்பங்கு கொண்டது. முன்னே ஒரு வளவில் ஒரு குழி இருந்த இடத்தில் இன்று நான்கு குழிகள் உள்ளன. ஏழைகளின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். பிறப்பின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவர்களின் குடியிருப்புகளிலே காணித்துண்டுகள் ஆகச் சிறியவை. 50 அடி விதி முதலிற் குற்றவாளியாக்குவது அவர்களையே.

மேலும் ஒரு செய்தி. 50 அடி போதும் என்று எண்ணிய காலத்திலே கிணற்றில் துலா இருந்தது. பட்டையால் அள்ளிய அளவே நீர் வந்தது. இன்று பொத்தானை அழுத்த, மோட்டார் இறைத்து மாடியிலுள்ள தாங்கியை நிரப்புகின்றது. வேகமாக இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் தாழ்ந்து, எட்டத்திலுள்ள நீரும் அதனை நோக்கி இழுபட்டு வருகின்றது. குழி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கிணற்றின் கை நீண்டுவிட்டது. பட்டணத்திலே படித்து வந்து வீடு கட்டும் நம் உத்தியோக நண்பர்கள், ஒவ்வொரு படுக்கையறையோடும் ஒரு குளியலறை வேண்டுமென்கின்றனர். ஆளுக்கு இரண்டு வாளி சென்ற குழிக்குள் இன்று ஆளுக்குப் பத்து வாளி செல்லுகின்றது. குழாய்நீர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்போருக்கும் இதையே சொல்லுகின்றோம். தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்பது அதன் அளவு. வரவேற்போம். ஆனால் குழாயிலே வந்த நீரும் பயன்பட்டபின் அந்தக் குழிக்குள்ளேதான் போகவேண்டும். அதை ஏற்றுச் செல்லும் கழிவுக் குழாய் நம் கிராமங்களில் எங்கே இருக்கின்றது?

கொதிக்க வைத்தாலும் போகாதது

இனி அந்தக் குழந்தையிடம் வருவோம்.

நாங்கள் கொதிக்க வைத்துத்தான் குடிக்கின்றோம் என்று சொல்லுவோர் பலர். நெருப்புக் காய்ச்சலையும் வயிற்றுளைவையும் செங்கமாரியையும் உண்டாக்கும் கிருமிகள் கொதியிலே சாகும், அம்மட்டிற் சரி. ஆனால் மலக்கழிவிலிருந்து பிறக்கும் நைத்திரேற்று என்ற உப்பு கொதியில் அழியாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். குளோரினும் அதை ஒன்றுஞ் செய்யாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பளிங்கு போன்ற தண்ணீரிலேயே அது இருக்கும். ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. அதற்கு மிஞ்சிய நீரிலே மாப்பால் கரைத்து ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாயும். கவனியாது விட்டால் உயிருக்கே கேடாகும். குடாநாட்டுக் கிணறுகளிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதிவைத்தார்கள். நாம் வாசிக்கவில்லை.

தோட்டக்காரர் தம் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பினார். நைத்திரேற்று எல்லையைத் தாண்டியிருந்தது. குழந்தைக்கு வேறிடத்து நீர் கொண்டுவந்தார்கள்; அதற்கு ஒன்றும் நேரவில்லை. அறிக்கையைக் கையிற் பிடித்துக்கொண்டு, புதுக்குழியே காரணம் என்று அவர் வழக்காடப் புறப்பட்டார். அப்பொழுது அந்தப் பரிசோதகர் ஒரு வார்த்தை கேட்டார்: குழி வெட்டி மூன்று மாதம், கிணற்றிலிருந்து 12 அடியில் இருக்கும் உமது எருக்கும்பி எத்தனை வருடம்?

விவசாயப் பெருமக்கள் நம்மைக் கோபிக்கக்கூடாது. மலக்குழி மாத்திரம் நைத்திரேற்றைத் தருவதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் நாம் அள்ளி எறியும் யூரியாவில், பயிர் எடுத்தது போக மிஞ்சியதெல்லாம் இறைப்புநீரோடு கீழே இறங்குகின்றது. மாட்டுத்தொழுவமும் எருக்கும்பியும் அப்படியே. ஆய்வுக்கூடத்து அறிக்கையிலே தொகை இருக்கும். எவருடைய பெயரும் இராது. ஆகவேதான், வேலிக்கு இப்பாலுள்ளவர் அப்பாலுள்ளவரைச் சுட்டும் இந்த வழக்குகள் நீதிமன்றத்திலே தடுமாறுகின்றன. சுன்னாகத்திலே மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளிற் கலந்த விடயத்தில், எண்ணெய் என்பதால் மூலத்தைக் காட்ட முடிந்தது. அதிலும் மக்கள் முறையிட்டு, ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்து, 2019ஆம் ஆண்டிலேயே உயர்நீதிமன்றத்திடம் இரண்டு கோடி ரூபா இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றனர். ஓரிடத்தில் ஊற்றியது வேறிடத்துக் கிணற்றில் மிதக்கும் என்பதை ஊரறியச் செய்தது அவ்வழக்கு. எண்ணெய் மிதந்தது, கண்டோம். மற்றது மிதப்பதில்லை.

அன்பா, உரிமையா?

சட்டத்திலே இதற்கு இடமில்லையா என்று கேட்கலாம். இருக்கின்றது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, அடுத்தவர் நிலத்திற் சாய்ந்த மரத்தின் பலன் யாருக்கு என்பது வரையிற் பேசுகின்றது. மலக்குழி அன்று வீட்டுக்கு வீடு இருந்ததன்று. ஆகவே அதைத் தேசவழமையிலே தேடுவது வீண். ஆனால் நமது நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், ஒருவர் நிலத்தின் மேல் அடுத்த நிலத்துக்காரருக்கு உண்டாகும் உரித்துகளை நன்கு அறியும். நடந்து செல்லும் வழி, நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால், கிணற்றில் அள்ளுதல் என்பன போன்றே, கழிவைக் கொண்டுசெல்லும் உரித்தும் உரோமர் காலந்தொட்டு அதில் உண்டு. நம் உறுதிகள் முதல் மூன்றையும் எழுதி நாலாவதை விட்டுவிட்டன. காரணம் வேறொன்றுமில்லை, வெட்கமே.

எழுதாமல் விட்டால் என்ன? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தின் மேலான உரித்தை உடன்படிக்கையால் உண்டாக்குவதானால் அது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். தகப்பனார் திண்ணையிலிருந்து சொன்ன வார்த்தைக்கு அங்கே வலுவில்லை. அப்படியானால் பத்து வருடத்துக்கு மேலாகக் குழி அங்கே இருந்ததே, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியால் உரித்து வந்துவிட்டதே என்று மூத்தவள் வீட்டார் வாதாடினர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: தங்கை பொறுத்திருந்தது அனுமதியாலா, அன்றி உமது எதிரான ஆட்சியை எதிர்க்க முடியாமலா? அனுமதியாலென்றால் ஆட்சியுரிமை இல்லை. எதிரான ஆட்சியென்றால், உடன்பிறந்தவளோடு அத்தனை ஆண்டும் பகைத்திருந்தோம் என்று கூண்டிலேறிச் சத்தியஞ் செய்யவேண்டும். அந்த அம்மையார் விடை சொல்லாமல் அழுதார் என்று கேள்விப்பட்டோம். உறுதியிலே ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கேள்வியை எவரும் கேட்டிருக்க முடியாது.

ஆதலால் முதலில் செய்யவேண்டியது நொத்தாரிசுமார்களிடத்தும் நில அளவையாளர்களிடத்தும் இருக்கின்றது. இவ்வேட்டை வாசிப்போரில் அவ்விரு தொழிலினரும் உளர் என்பதை அறிந்தே எழுதுகின்றோம். காணியைப் பிரித்துப் படம் வரையும்போது உள்ளிருக்கும் கிணற்றையும் குழியையும் மாத்திரமன்றி, வேலிக்கு அப்பாலுள்ள கிணறுகளையும் ஏன் குறிக்கக்கூடாது? நாடா கையிலிருக்கும்போது அஃதென்ன பெரிய வேலை? அக்குறிப்பு இல்லாத பிரிவுப் படத்தை ஏற்பதில்லை என்று பிரதேச சபைகள் ஒரு தீர்மானம் செய்தால் என்ன? கண்டனத் தீர்மானங்கள் நிறைவேற்றுவதிலே நம் சபையோர் எவருக்கும் இளைத்தவர்களல்லர். இது பணமே செலவில்லாத தீர்மானம். இதில் கைதட்டு மாத்திரம் குறைவு.

இரண்டாவது, 50 அடி என்ற ஒரே மந்திரத்தை விட்டு, குழியின் இயல்பையே மாற்றவேண்டும். இடம் இல்லாத இடத்தில் தூரத்தை வற்புறுத்தினால் மக்கள் இரவிலே வெட்டி விடியுமுன் மூடுவார்கள். இப்பொழுதும் அதுதான் நடக்கின்றது. அடியும் பக்கமும் நீர் கசியாதபடி சீமெந்திட்ட இரண்டு அறைத் தாங்கி. அதிலிருந்து தெளிந்து வரும் நீர் கல்வெடிப்புக்குள் இறங்காமல், மேல்மண்ணிலே ஆழமில்லாத கிடங்கிற் பரந்து, வாழை முதலியவற்றின் வேருக்குச் செல்லும் ஒழுங்கு. இது புதுமையன்று, எந்தப் பொறியியலாளரும் வரைந்து தருவார். இதனாலும் நைத்திரேற்று முற்றாக ஒழிந்துவிடாது. ஆயினும் மண்ணும் வேரும் தம்மால் இயன்றதைத் தடுக்கும். கல்வெடிப்பு எதையும் தடுக்காது. சிறு காணிகள் நெருங்கிய இடத்திலே இரண்டு மூன்று வீட்டுக்குப் பொதுத் தாங்கி ஒன்று அமைக்கலாம். பங்குக் கிணற்றிலே மூன்று தலைமுறை முறைவைத்து இறைத்த நமக்குப் பங்குத் தாங்கி கூடாதோ? அதன் செலவுப் பங்கும், பவுசர் வந்து நிற்பதற்கும் குழாய் இழுப்பதற்குமான வழியும் உறுதியிலேறிக் காணிப் பதிவகத்திலே பதியப்பட வேண்டும்.

கசியாத தாங்கி நிரம்பவே செய்யும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அள்ளவேண்டும். பவுசர் கேட்டால் வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருக்கின்றது என்றும், கட்டணம் ஏழைக்கு எட்டாதென்றும் முறைப்பாடு வருகின்றது. அள்ளியதை எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிக்கின்றார்கள் என்ற கேள்வி அதனினும் பெரியது. ஓர் ஊரின் குழியிலிருந்து எடுத்ததை வேறோர் ஊரின் வெளியிலே ஊற்றிவிட்டு வருவதாயின், வேலிச் சண்டையை ஊர்ச் சண்டையாக்கியதன்றி வேறென்ன செய்தோம்? மாகாணத்துக்கென்று அதிகாரம் கேட்கின்ற நமது தலைவர்களை நோக்கி நாம் கேட்கின்றோம்: மலக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்களும், ஏழைக் குடும்பம் தாங்கி கட்டுவதற்கான கடனும், கிணற்று நீரை ஆண்டுக்கொருமுறை சோதித்துத் தாளிலே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடும் உங்கள் விஞ்ஞாபனங்களில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன?

மேற்சொன்ன மூன்று வீட்டாரும் நீதிமன்றப் படிகளில் இரண்டு வருடம் ஏறி இறங்கினர். தவணைக்கு மேல் தவணை. ஒரு தவணை நாளிலே, வழக்குச் செலவாக அதுவரை கொடுத்த பணத்தை மூத்தவளின் மருமகன் ஒரு சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். கசியாத தாங்கி இரண்டு கட்டியிருக்கலாம். பின்னர் ஊர்ப் பெரியவர் ஒருவர் முயற்சியால் இணக்கசபையில் அமர்ந்தனர். கோடிப்புறத்துப் பழைய குழியை அள்ளுவித்து, மண்ணிட்டு மூடினர். 22 அடியில் வெட்டிய புதுக்குழியையும் மூடினர். ஒழுங்கை முகப்பிலே, மூன்று கிணறுகளுக்கும் ஆகத் தொலைவான மூலையில், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தாங்கி எழுந்தது. செலவு பாதி பாதி. கிணற்றுப் படலையின் பூட்டு அகன்றது. தோட்டக்காரர் எருக்கும்பியைத் தோட்டத்தின் தெற்கு மூலைக்கு மாற்றினார். யூரியாவைக் குறைத்தாரா என்பதை அவரிடமே கேட்கவேண்டும்.

உறுதி எழுதுவதற்கு இரு வீட்டாரும் ஒன்றாகவே நொத்தாரிசிடம் போனார்கள். கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும் என்று வழக்கம்போல் எழுதிக்கொண்டு போனவர், அடுத்து எழுதவேண்டியதற்கு என்ன சொல்லிடுவது என்று பேனாவை நிறுத்தினாராம். முப்பது வருடத் தொழிலில் அப்படியொரு வரியை அவர் எழுதியதில்லை. சிறிது யோசித்துவிட்டு, "பொதுக் கழிவுத் தாங்கியிற் பங்கும், அதற்குச் செல்லும் குழாய் வழியும், அள்ளுவிக்கும் உரித்தும்" என்று எழுதி வாசித்துக் காட்டினார். இரு திறத்தாரும் கையொப்பமிட்டனர்.